முதியவர்களை உருவப்படம் எடுக்கும்போது

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில், உலக முதியோர் நாளான அக்டோபர் 1 அன்று, எழுபது வயதைக் கடந்த 30 பேரின் உருவப்படங்களைக் கண்காட்சியாக வைக்க நினைக்கிறோம். பார்ப்பவர்களுக்குப் பரிதாபம் வரக் கூடாது, நிறைவாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் என்ற எண்ணமே வர வேண்டும். எப்படி எடுப்பது? கைபேசி போதுமா? பலர் "இந்த வயசில் எனக்கு எதற்குப் படம்" என்று மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மறுப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். எழுபதைக் கடந்த ஒருவரிடம், கடைசியாக எப்போது கேமராவுக்கு முன் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆதாருக்கு, குடும்ப அட்டைக்கு, வங்கிக் கணக்குக்கு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும்; அதையும் இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். இவை தவிர, பேத்தி கல்யாணத்தில் மேடையின் ஓரத்தில் நிற்கவைத்து எடுத்த படம் ஒன்று இருக்கும். அதற்கடுத்த படம் அவர் இறந்த பிறகு தயாராவது. அந்தக் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்தில் நின்றவரின் தோளை அழித்து, பின்னால் நீல நிறத்தை நிரப்பி, பதினாறாம் நாளுக்குள் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் அப்படி எத்தனையோ படங்களைச் செய்து கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லாப் படங்களிலும் அந்த முகம் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் வீடுகளில் சட்டமிட்டுத் தனியாளாகச் சுவரில் தொங்கும் படம் என்றாலே அது காலமானவரின் படம்தான். மாலையும் சின்ன விளக்கும் அதோடு சேர்ந்தே நினைவுக்கு வந்துவிடும். ஆகவே ஒரு பெரியவரிடம் போய் "உங்களைத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும்" என்று சொன்னால், அவர் காதில் அது வேறு மாதிரி விழக்கூடும். தென்கொரியாவில் இறுதிச் சடங்கில் வைப்பதற்கான படத்தை உயிரோடிருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் படத்தை அங்கே 'ஜாங்சு சாஜின்' என்று அழைக்கிறார்கள், நெடுவாழ்வுப் படம் என்பது அதன் பொருள். தன்னார்வலர்கள் கூடி, முதியவர்களுக்கு முடி திருத்தி, ஒப்பனை செய்து, நல்ல உடை உடுத்தி, கட்டணமில்லாமல் அந்தப் படத்தை எடுத்துத் தருகிறார்கள். பெயரை மாற்றியதில் அச்சம் முழுவதும் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை மறைக்காமல் எடுத்துவிடுவது நல்லது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன். "பின்னால் மாலை போடவும் இதையே வைத்துக்கொள்ளலாமா" என்று தாமாகவே கேட்ட பெரியவர்கள் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். அவர்கள்தாம் உடையையும் முகபாவத்தையும் மிகுந்த அக்கறையோடு தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு காரணம், முன்பு யாரோ எடுத்த படம். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில், எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைக் கண்டதுமே முந்தானையை இழுத்துக் காதுகளை மூடிக்கொண்டார். பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கிய காதுகள். பாம்படத்தை மகள் கல்யாணத்துக்கு விற்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ தூரத்திலிருந்து லென்ஸை நீட்டி எடுத்த அவருடைய படம் ஒரு காலண்டரில் அச்சாகியிருக்கிறது. பேரன் ஒரு கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். "எம் பேரு அதுல இல்லையே, காது மட்டுந்தானே இருந்துச்சு" என்றார். நான் பல ஆண்டுகளாகச் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தம்மை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் படத்தில் இருப்பவருக்கே சொல் இருக்கும்போதுதான் அது முதுமையைக் கொண்டாடும் படமாகிறது. லென்ஸும் ஒளியும் அதற்குப் பிறகு வருபவை.

அவரிடம் "எப்படி எடுக்கட்டும்" என்று கேட்டேன். உள்ளே போய்ச் சேலை மாற்றி, பாதி முடைந்த ஓலைப்பெட்டியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் ஓலையில் இருந்ததால் சிறிது நேரத்தில் முந்தானை நழுவியது. நான் கேமராவைத் தாழ்த்தினேன். அதைக் கவனித்தவர், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே "பரவால்ல, எடு" என்றார். அப்போது எடுத்த படத்தில் காதுகளும் இருக்கின்றன, ஆனால் பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது விரல்களின் வேகத்துக்குத்தான்.

முதியவர்களைப் படம் எடுப்பவர்கள் இரண்டு பக்கமாகத் தவறுகிறார்கள். ஒன்று, வயதை அழிப்பது. நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில், நெகட்டிவைப் பால்கண்ணாடி பதித்த டச்சிங் மேசையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகச் சுருக்கங்களை நிரப்புவோம். நெகட்டிவில் சுருக்கம் தெளிந்த கோடாகத் தெரியும். அதில் பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் வெளுத்து மறைந்துவிடும். ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இன்று அதே வேலையைக் கைபேசியின் பியூட்டி மோட் யாரும் கேட்காமலே ஒரு நொடியில் செய்துவிடுகிறது. அதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். இன்னொன்று, வயதையே காட்சிப்பொருள் ஆக்குவது. போட்டிகளில் பரிசு பெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டு ஒளியில், கான்ட்ராஸ்டை ஏற்றி, ஒவ்வொரு சுருக்கத்தையும் வறண்ட கண்மாயின் வெடிப்பைப்போல் காட்டி, கீழே 'முதுமை' என்றோ 'அனுபவம்' என்றோ தலைப்பிட்டிருப்பார்கள். அந்த முகத்துக்கு உரியவர் யார், எந்த ஊர், என்ன வேலை செய்தவர் என்ற விவரம் எங்கும் இருக்காது. அழகான படங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றில் ஒரு மனிதரைச் சந்தித்த உணர்வு எனக்கு வருவதில்லை.

இந்த வேறுபாட்டை ஒரே கலைஞரின் இரண்டு படங்களில் காணலாம். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 48ஆம் வயதில்தான் முதல் கேமரா கிடைத்தது. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. 1867இல் அவர் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலைப் படம் எடுத்தார். ஹெர்ஷலுக்கு அப்போது வயது 75. ஒளிப்படம் அழியாமல் நிலைக்கப் பயன்படும் ஹைப்போவின் குணத்தை 1819இலேயே கண்டறிந்தவர் அவர். இருவருக்கும் 1836இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஏற்பட்ட நட்பு முப்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது. ஹெர்ஷலின் வெள்ளை முடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்து, இருண்ட பின்னணியில் அதன்மேல் ஒளி விழுமாறு அமைத்தார் கேமரன். அக்காலக் கண்ணாடித் தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. ஆகையால் தோலின் தழும்பும் மடிப்பும் நேரில் இருப்பதைவிடக் கறுத்தே பதியும். கேமரன் அவற்றை மறைக்க முயலவில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்களைப் பிடித்து நிறுத்துவது ஈரம் பளபளக்கும் அந்தக் கண்கள்தாம். நெடுநாள் நண்பரை அவர் எவ்வளவு மதித்தார் என்பது அந்த ஒளியிலேயே தெரிகிறது.

1875இல் கேமரன் இலங்கையில் குடியேறினார். 1879இல் அங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையில் அவர் எடுத்த படங்களில் ஒன்று, உழைக்கும் மக்கள் மூவரைக் காட்டுவது. அவர்களில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கிறார்கள். அந்தச் சிறுமி 12 வயதினள் என்றும், தான் அவளுடைய தந்தை என்றும் தனக்கு 100 வயது என்றும் கிழவர் சொல்வதாகவும் படத்தின் குறிப்பு கூறுகிறது. வயதைப் பதிந்துவைத்த அந்தக் குறிப்பில் பெயர் இல்லை. ஹெர்ஷலை எடுத்த அதே கைகள்தாம் இதையும் எடுத்தன, ஆனால் இங்கே நட்பும் உரையாடலும் இல்லை. உங்கள் முப்பது படங்களையும் எடுப்பதற்கு முன் இந்த இரண்டு படங்களையும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று உங்கள் குழுவினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மூத்தவரை இன்னொரு மூத்தவரே எடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்கக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் சான்று. 1883இல் பிறந்த அவர் தம் 92ஆம் வயதில் முதியவர்களின் உருவப்படத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கினார். 1976இல் அவர் இறந்தபோது அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது; மறு ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை நூலாக்கியது. அவர் கடைசியாக எடுத்த படங்களில், உடலெங்கும் பச்சை குத்திய பாபி லிபேரி என்ற மூதாட்டியின் படம் புகழ்பெற்றது. நம் பாட்டிகள் பலரின் முன்கைகளிலும் பச்சைக் கோலங்கள் உண்டு. அதைக் காட்டச் சொன்னால் எந்தத் திருவிழாவில், யாரோடு போய்க் குத்திக்கொண்டோம் என்று அவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் குழுவில் அறுபதைக் கடந்த ஒருவராவது கேமராவைக் கையில் எடுக்க முன்வந்தால் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் முன் உட்காருபவர் விறைப்பாக இருக்க மாட்டார்.

நிறைவைக் காட்டுவதென்றால் எல்லோரும் சிரிக்க வேண்டும், எல்லோரும் ஓடியாடும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்டு அவெடன் 1969 முதல் 1973 வரை நோயுற்றிருந்த தம் தந்தையைத் தொடர்ந்து படம் எடுத்தார். அவை 1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பார்க்கக் கடினமான படங்கள். மகனுக்கும் தந்தைக்கும் இடையே நடந்தவை என்பதால் அவற்றுக்கு அந்த உரிமை உண்டு. ஊர்க் கண்காட்சிக்கு அந்த அளவு போக வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதிலேயே இருக்கட்டும், பக்கவாதத்தால் முகம் ஒரு பக்கம் இழுத்திருப்பவர் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று அவரே சொல்லட்டும்.

இதெல்லாம் வெறும் மனநிறைவுக்கான காரியமா என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு செய்தி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவியும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரின் தரவுகளை ஆராய்ந்தனர். தம் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள், அவ்வெண்ணம் குறைந்தவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர். ஒரு படம் ஆயுளை நீட்டும் என்று இதற்குப் பொருளில்லை. தம்மைப் பற்றித் தாம் கொள்ளும் எண்ணம் உடம்பையும் தொடுகிறது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. அந்த எண்ணத்தில் சுற்றியிருக்கும் படங்களுக்கும் பங்கு உண்டு. முதியோர் பற்றிய எந்தச் செய்திக்கும் ஊன்றுகோலைப் பற்றிய சுருங்கிய கைகளையே போடும் பழக்கத்துக்கு மாற்றாக, இங்கிலாந்தின் சென்டர் ஃபார் ஏஜிங் பெட்டர் என்ற அமைப்பு 2021இல் யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய படத்தொகுப்பு ஒன்றையே திறந்தது.

இனி எடுக்கும் முறை. கைபேசி தாராளமாகப் போதும். ஆனால் அதன் முதன்மை லென்ஸ் அகலமானது. முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்னுக்குப் போகும், நெற்றி உருளும். இரண்டு மடங்கு ஜூமுக்கு மாற்றிக்கொண்டு ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கேமரா இருந்தால் 85 மில்லிமீட்டர் லென்ஸ் வசதியானது. முழு உருவமும் வேலை செய்யும் கைகளும் வேண்டுமானால் 50 போதும். லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து ஒரு கண் மட்டும் கூர்மையாகவும் கைகள் கலங்கியும் விழச் செய்வதைவிட, f/4 அல்லது f/5.6இல் வைப்பது நல்லது. கை நடுக்கம் உள்ளவர் என்றால் ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் நடுக்கமும் அடங்கும், அவரும் இயல்பாவார்.

ஒளிக்குத் திண்ணையைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. மேலே கூரை நேர்வெயிலைத் தடுக்கிறது, முன்னால் திறந்த வானத்தின் மென்மையான ஒளி, பின்னால் வீட்டின் இருட்டு. காலை எட்டிலிருந்து ஒன்பதரை மணிவரை, தெருவுக்கு முகம் காட்டி உட்காரவைத்தாலே போதும். திண்ணை இல்லாத வீட்டில் வெயில் நேராக விழாத சன்னல் அல்லது வாசல்படி. வயதாக ஆகக் கண்குழி ஆழமாகிறது, மேலிமை தாழ்கிறது. மேலிருந்து மட்டும் வரும் ஒளியில் கண்கள் இருண்டுவிடும். மடியில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து, படத்தில் தெரியாதபடி விரித்துவிடுங்கள். அது ஒளியைக் கீழிருந்து திருப்பிக் கண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெள்ளை முடியும் வெள்ளைச் சுவரும் சேர்ந்தால் முடியே காணாமல் போகும், ஆகவே பின்னணி இருண்டதாக இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், பளிச்சிடும் ஒளி கண்புரை உள்ளவர்களுக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் மிகவும் கூசும்.

எப்போதும் கண்ணாடி அணிபவரிடம் அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றினால் மூக்கில் தழும்பு தெரியும், பார்வையும் எங்கோ அலையும். கண்ணாடியின் கைகளைக் காதுக்கு மேல் கால் அங்குலம் தூக்கிவைத்தால் கண்ணாடிச்சில்லு சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து, அதில் விழும் வெளிச்சப் பிரதிபலிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். பல்செட் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. சோபாவில் உட்காரவைத்தால் உடல் புதைந்து கழுத்து அமுங்கிப்போகும். கெட்டியான, உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலியே எழுந்திருக்கவும் வசதி. காது மந்தமானவரிடம் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினால், உதட்டசைவு தெரியாமல் அவர் முகம் கேள்விக்குறியாகவே இருக்கும். கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, முகத்துக்கு நேராகப் பேசுங்கள். மருந்து, சாப்பாட்டு நேரங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதில் முதல் அரை மணி கேமராவை உறையிலிருந்து எடுக்காமலே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் ஜூலையிலேயே தொடங்கிவிட்டால் அவசரப்படாமல் முடிக்கலாம்.

மறதிநோய் உள்ளவர்களின் வீட்டார் சம்மதித்தாலும், உட்காரும் நேரத்தில் அவரிடமும் கேளுங்கள். முகம் சுளித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். முதியோர் இல்லத்துக்கும் போகிறீர்கள் என்றால் ஒரு கண்டிப்பு வேண்டும்: அரிசி மூட்டையோடோ சேலையோடோ கொடையாளர் நிற்கும் படம் உங்கள் கண்காட்சியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'ஆதரவற்றவர்' என்ற சொல்லும் எந்தக் குறிப்பிலும் வர வேண்டாம். வாங்கிக்கொள்ளும் நிலையில் ஒருவரை நிறுத்தி எடுத்த படத்தை அவர் தம் பேரனுக்குக் காட்ட விரும்புவாரா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பிரிண்டுகளைப் பளபளப்புத் தாளில் போடாமல் மேட் தாளில் 12க்கு 18 அங்குலத்தில் போடுங்கள். பார்க்க வருகிறவர்களில் பலரும் முதியவர்களாகவே இருப்பார்கள் என்பதால், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகாமல் மாட்டி, நடுவில் நாலைந்து நாற்காலிகளும் போட்டு வையுங்கள். குறிப்புகள் மூன்றடி தூரத்திலிருந்து படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பில் என்ன எழுதுவது என்பதை அவரவரே சொல்லட்டும். 'இன்னாரின் தாயார்' என்று நாம் எழுத நினைக்கும் இடத்தில், 'முப்பது வருடம் சத்துணவில் சமைத்தவர்' என்று போடச் சொல்லக்கூடும். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் அவர் படத்தின் சிறு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, மாட்டலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்பவரின் படத்தை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அந்த ஓலைப்பெட்டிப் பாட்டிக்கு நான் அப்படித்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பெட்டியையே பார்த்துவிட்டு, மூன்றாவது வரிசையில் ஒரு ஓலை மாறி விழுந்திருக்கிறது, இதைப் பார்த்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். அதைப் பிரித்து, சரியாக முடைந்து முடித்தபின் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். மறு வாரம் போய் எடுத்தேன். இரண்டாம் முறை உட்கார விரும்புகிறவர்களுக்காக உங்கள் திட்டத்திலும் செப்டம்பரில் சில நாட்களை ஒதுக்கி வையுங்கள்.